தேய்மாவு

ஆறு சாமான்கள். சிவப்பரிசிக் குறுநொய் இரண்டு பங்கு. பாசிப்பயறு ஒரு பங்கு. நிழலில் காய்ந்த தோடம்பழத் தோல், ஆரஞ்சுத் தோல்தான், அரைப் பங்கு. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை ஒரு கைப்பிடி. மஞ்சள் நகத்தளவு. பிசையும்போது எலுமிச்சைச் சாறு. சனிக்கிழமை காலையில் இவற்றை மேசையில் வரிசையாக வைத்து ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் தொடங்குவேன். மனைவி இருந்தவரை இதைப் பார்த்துச் சிரிப்பாள். இப்போது ஏழு வருஷமாக அந்தச் சிரிப்பும் இல்லை.

கணக்குப் பிசகுவதில்லை. ஆனாலும் பதம் வருவதில்லை. ஒரு வாரம் வழுக்கிக்கொண்டு போகிறது, மறுவாரம் முழங்கையைக் கீறுகிறது. கடைப் பயறில் வண்டு. தோடம்பழத் தோலில் என்ன மருந்து அடிக்கிறார்களோ, வாசனையே இல்லை. எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் எதையும் அளந்ததில்லை. “வறுத்த குறுநொய்ய அம்மியில ரெண்டு இழுப்பு இழுக்கணுங்கய்யா. மூணாவது இழுத்தீங்கன்னா அது புட்டுக்குத்தான் ஆகும்” என்பார். நானும் இரண்டே இழுப்புத்தான் இழுக்கிறேன். எண்ணித்தான் இழுக்கிறேன்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. பெயர் எழுதிய தாள்களால் அவருக்கு ஒரு நன்மையும் வந்ததில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைக்காம்பராவில் அவர் ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் நீளமான தகரக்கூரை அறைக்கு அந்தப் பெயர். நான் அந்தத் தோட்டத்துக் கந்தோரில் இரண்டாம் கிளாக்கர், யாழ்ப்பாணத்திலிருந்து போனவன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு, அவருக்கு நாற்பதை ஒட்டி இருக்கும்.

மலைக்குளிர் என் தோலைப் பாடாய்ப்படுத்தியது. உதட்டில் இரண்டு வெடிப்பு, குதிக்கால்களில் நான்கு. முழங்கை செதில் செதிலாக உரிந்தது. மாதம் ஒருமுறை பிள்ளைகளின் தொகையைப் பதிய நான் பிள்ளைக்காம்பராவுக்குப் போகவேண்டும். முதல் முறை போய் நின்று, முப்பத்தொன்று வரை எண்ணி முடிக்கவில்லை, பின்னாலிருந்து ஒரு குரல்.

“கிளாக்கரய்யா, ஒங்க காது மேல செத்த தோலு தொங்குது. கணக்கு எங்கயும் ஓடிறாது. குந்துங்க.”

எனக்குக் கோபம். ஆனாலும் குந்தினேன். ஒரு பீங்கான் கோப்பையிலிருந்து ஈரமாவை எடுத்து என் காதிலும் கழுத்திலும் வலது பெருவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். தேய்மாவு என்று அதற்குப் பெயர். பிள்ளைகளெல்லாம் வேடிக்கை பார்த்தன. ஒன்று கைதட்டியது. வெந்நீர்த் துணியால் துடைத்தபோது, ஊரை விட்டு வந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக என் கழுத்து என்னுடையதாக இருந்தது.

“அழுக்கு வேற, கறை வேற, செத்த தோலு வேறங்கய்யா” என்றார். “அழுக்கு தண்ணிக்குப் போயிரும். கறை புளிப்புக்குப் போயிரும். செத்த தோலு மட்டும் தேய்ச்சாத்தான் போகும்.”

பீர்க்கங்கூடு வைத்துத் தேய்க்கலாமே என்று கேட்டேன். எங்கள் ஊரில் அப்படித்தான்.

“கூடுக்குக் கண்ணு இருக்கா? எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியுமா? வெரலுக்குத்தான் தெரியும்.”

எங்கே நிறுத்துவது என்று தனக்குத் தெரியும் என்பதுதான் அவருடைய எண்ணம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அழுக்கோ கறையோ உள்ள தோலைக் கண்டுவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை முப்பத்தொரு முதுகையும் தேய்த்து முடிப்பார். அதற்குப் பிறகும் கதவருகில் ஏதாவது ஒரு பிள்ளையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பார். என் நடுவிரலில் கந்தோர் மை ஏறியிருக்கும். பேச்சுக்கு நடுவே அந்த விரலைப் பிடித்து எலுமிச்சைத் தோலால் தேய்க்கத் தொடங்கிவிடுவார். “ஒங்க கறை ஊதா, எங்க கறை கறுப்பு. ரெண்டுக்கும் ஒரே எலுமிச்சங்காதான்.”

ஒருமுறை தோட்டத்துத் துரையின் மனைவி துரைசாணியின் செவிக்கு இந்தத் தேய்மாவின் பெருமை எட்டியது. பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினாள். போனவர் துரைசாணியின் முன்னங்கையைப் பார்த்திருக்கிறார். முழங்கை வரை பழுப்புப் புள்ளிகள். வெள்ளைத் தோலுக்கு வெயில் பட்டால் வருகிற புள்ளி அது. இவருக்கு எப்படித் தெரியும்? அரைமணி நேரம் விடாமல் தேய்த்திருக்கிறார். கை தக்காளியாகச் சிவந்து, துரைசாணி கத்தி, பட்லர் ஓடிவந்து பிடித்து இழுத்த பிறகுதான் விட்டார்.

“நான் என்னத்தங்கய்யா கண்டேன்? தேயிலச் சாறு தெறிச்சிருக்குதுன்னு நெனச்சேன். ஒரு புள்ளி போகலியே! எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல.”

கை சிவந்ததற்காக அல்ல, புள்ளி போகாததற்காகத் தூக்கமில்லை.

துரைசாணி நல்லவள். கோபம் ஆறியதும் மூடியுள்ள வெள்ளைக் கிரீம் போத்தல் ஒன்றைக் காலியாகக் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு தேய்மாவு அந்தப் போத்தலில்தான் இருந்தது.

அவருடைய பேர் நின்றது கல்யாணப் பெண்களால். கொழுந்து பறிக்கிற கையைக் கிட்டப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாறு விரலின் உட்பக்கத்திலும் நகக்கண்ணிலும் ஏறி, வெடிப்புகளில் இறங்கி, கறுத்துப்போய் இருக்கும். சவர்க்காரத்துக்கு அசையாது. ஏழு நாள் அவர் தேய்ப்பார். அதற்கு மட்டும் ஏழாவது சாமான் ஒன்று உண்டு: ஓடை மணல், வேட்டித்துணியில் மூன்றுமுறை சலித்தது. விரல் விரலாக, கோடு கோடாக, வலது பெருவிரலால் அழுத்தித் தேய்ப்பார். ஏழாம் நாள் அந்தப் பெண் தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பதினான்கு வருஷத்தில் நாற்பத்திரண்டு கல்யாணம், நான் கணக்கு வைத்தவரை.

அவரிடம் கை கொடுக்காத ஒரே ஒருத்தி அவருடைய தங்கை. மூன்றாம் நம்பர் லயத்தின் வரிசை வீடுகளில் ஒரே காம்பராவில் இருவரும் இருந்தார்கள். தங்கை புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை. அக்காள் கல்யாணமே ஆகாதவர். அந்தக் காம்பராவில் சண்டை ஓய்ந்து நான் கேட்டதில்லை.

“அடியே, அந்தக் கையாலதானே சோறு பெசையிற? சோறே கறுப்பா இருக்குடி.”

“கறுப்பா இருந்தா கண்ண மூடிக்கிட்டுத் தின்னு.”

“ஒரே ஒரு நாளு குடுடி. ஒரு வெரலு.”

“என் கை எனக்குச் சோறு போடுது. அத வெள்ளக்காரி கையாக்கி நான் யாருக்குக் காட்டப்போறேன்? நீ போய் ஊரு கையத் தேய்.”

பிறகு என் பக்கம் திரும்பி, அக்காள் காதில் விழும்படியே சொன்னாள்: “இவளப் பொண்ணு பாக்க வந்தாங்க கிளாக்கரய்யா, இவளுக்குப் பதினேழு வயசுல. இவ கைய முந்தானையில சுத்திக்கிட்டு நிக்கிறா. மாப்புள வூட்டுக் கெழவி ஒருத்தி முந்தானைய இழுத்துப் பாத்துட்டு, ‘கரிச்சட்டி கழுவுன கையா இது’ன்னா. மாப்புளக்காரன் வாயத் தொறக்கல. காப்பித்தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாங்க. அன்னைலேருந்து இந்தப் பைத்தியம்.”

“ஒனக்கு வேற கதையே கெடையாதா?” என்று கேட்டுவிட்டு அவர் அம்மியைக் கழுவப் போனார்.

இன்னொரு நாள் தானாகவே ஒன்று சொன்னார். “ஊரு முதுகெல்லாம் தேய்ச்சேங்கய்யா. என் முதுகுக்கு மட்டும் என் கை எட்ட மாட்டேங்குது.” நான் பிள்ளைகளை இன்னொருமுறை எண்ணினேன்.

பிறகு பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் வந்தன. தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டவர் இல்லை என்று சட்டம் சொல்லிவிட்டது. வேண்டுமென்பவர்கள் விண்ணப்பித்து, விசாரணைக்குப் போய், நிரூபிக்கவேண்டும். எங்கள் பிரிவில் நூற்றுப் பதினேழு விண்ணப்பங்களை நான் நிரப்பினேன். கையெழுத்து வைத்தவர்கள் ஒன்பது பேர். மற்ற எல்லோரும் கைநாட்டு. எங்கள் கந்தோர் வழக்கம் ஆணுக்கு இடது பெருவிரல், பெண்ணுக்கு வலது. பெரிய கிளாக்கர் அப்படித்தான் எனக்குப் பழக்கியிருந்தார்.

அக்காளும் தங்கையும் ஒன்றாக வந்தார்கள். அக்காளின் வலது பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் ஒரு கறுப்புக் கொட்டை. கோடு இல்லை, சுழி இல்லை. மையைக் குறைத்தேன், கூட்டினேன், விரலை உருட்டினேன். பதினொரு தடவை. விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். கூழாங்கல்லைப் போல மழமழவென்று இருந்தது. ஓடை மணலும் எலுமிச்சையுமாக மற்றவர்களின் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தன் ரேகையையும் தேய்த்துவிட்டிருக்கிறார்.

தங்கைக்கு ஒரே தடவை. ஒவ்வொரு கோடும் எண்ணலாம்போல விழுந்தது.

“பாத்தியா? அழுக்குக்குத்தான் இங்க மதிப்பு” என்றாள் தங்கை.

பதினொன்றில் ஏழாவது கொஞ்சம் பரவாயில்லை. அதை அனுப்பினேன்.

விசாரணைக் கடிதம் வர மூன்று வருஷம் ஆயிற்று. வந்தபோது இரண்டு மாதத் தவணை இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சர் விரலைப் பார்த்துவிட்டு, தேய்ப்பதை அடியோடு விட்டால் ரேகை தானாக முளைக்கும் என்றார். நான் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

“இந்த விரலை இரண்டு மாசத்துக்கு ஒண்டுக்கும் தொடாதேங்கோ. உங்கட தங்கச்சிக்குக் கிடைச்சு உங்களுக்குக் கிடைக்காட்டி, நாளைக்கு உங்களை இந்தியாவுக்குக் கப்பலேத்திப் போடுவாங்கள். அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லீங்கய்யா. எங்காத்தா இடுப்புல உக்காந்து வந்தவ நான். இவ இங்கன லயத்துல பொறந்தவ. இவளத் தவிர எனக்கு யாரு?”

விட்டார். துணியால் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். வலது கையை இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரிய கிளாக்கரின் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு நான் மூன்றாம் நம்பர் லயத்துக்குப் போவேன். முதல் ஞாயிறு ஒன்றும் இல்லை. மூன்றாம் ஞாயிறு ஓரத்தில் நான்கு கோடு. ஐந்தாம் ஞாயிறு பன்னிரண்டு. தங்கையும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். “மொளச்சிருச்சு, பயிரு மொளச்சிருச்சு!” என்று அக்காளின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். அன்று அவர்கள் சண்டை போடவில்லை.

ஏழாம் ஞாயிறு போனேன். வாசலிலேயே தங்கை. “போய்ப் பாருங்க, ஒங்க பயிர மாடு மேஞ்சிருச்சு.”

கண்ணாடி தேவைப்படவில்லை. பழையபடி கூழாங்கல்.

“என்ன செய்துபோட்டீங்கள்!” என்று கத்திவிட்டேன்.

“மேல் லயத்துப் புள்ளைங்கய்யா. உடப்புசல்லாவையிலேருந்து மாப்புள வூட்டுக்காரங்க வராங்களாம். வாசல்ல வந்து நின்னுச்சு. ஒண்ணும் கேக்கல. கைய முந்தானையில சுத்திக்கிட்டு நின்னுச்சு.”

“இடது கையால தேய்ச்சிருக்கலாமே?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. “கல்யாணப் பொண்ண எடது கையால தொடுறதா? படிச்சவங்க பேசுற பேச்சாங்கய்யா இது?”

“ஒனக்கு நாடு பெருசா, அவ நகக்கண்ணு பெருசாடி?” என்று தங்கை வாசலிலிருந்து கேட்டாள். அந்தப் பெண்ணின் கல்யாணம் நடந்தது. கணக்கில் அது முப்பத்தேழாவது.

பத்து நாளில் விசாரணை. நுவரெலியாவுக்கு நானும் பஸ்ஸில் கூடப் போனேன். அதிகாரி மூன்றுமுறை விரலை ஒற்றியெடுத்தார். என் ஏழாவது கொட்டையையும் தன் மூன்று கொட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மொழிபெயர்ப்பவர் சொன்னார்: “ஐயா கேக்குறாரு, வெரலு இருக்கு, ரேகைய எங்க வுட்டுட்டு வந்தீங்கன்னு.”

“புள்ளைங்க முதுகுல வுட்டுட்டு வந்துட்டேன் சாமி.”

மொழிபெயர்ப்பவர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் ஒரே ஒரு சொல் சொன்னார். ‘தெரியாது’ என்பதற்கான சொல் அது. எனக்கு அவ்வளவு சிங்களம் தெரியும். நான் எழுந்து நின்று சரியாகச் சொல்லியிருக்கலாம். நான் தோட்டத்துக் கிளாக்கர், பேசுவதற்கு அனுமதி கேட்கவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

தங்கைக்குக் கிடைத்தது. அக்காளுக்கு, ஆளை உறுதிப்படுத்த முடியவில்லை என்று நான்கு வரிக் கடிதம்.

அதற்குப் பிறகும் அவர் சில வருஷம் பிள்ளைக்காம்பராவில் இருந்தார். ஐந்து கல்யாணம் தேய்த்தார். இனி ரேகையைக் காப்பாற்றி யாருக்கு என்பதுபோல மணலை அள்ளி வைத்துத் தேய்த்தார். அறுபதுகளில் ஒருநாள், நாட்டில் தங்க உரிமையில்லை, குறித்த தேதிக்குள் போகவேண்டும் என்று தாள் வந்தது. இந்தியப் பாஸ்போட்டுக்காகக் கண்டிக்குப் போனார். அங்கேயும் கைநாட்டுக் கேட்பார்களே என்று இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வந்தவர் நேரே கந்தோர் வாசலுக்கு வந்து நின்று சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“கிளாக்கரய்யா, அந்த ஆபீசுல ஒரு பொடியன். இந்த வெரல ஒரு தடவ வெச்சான், வரல. ‘அந்தக் கையக் குடும்மா’ன்னான். எடது கைய வாங்கி ஒரே அழுத்து. கோடு கோடா வுழுந்துருச்சு! அப்படி ஒரு கை எனக்கு இருக்குறத நாம ரெண்டு பேருமே மறந்துட்டோமே!”

மணப்பெண்ணைத் தொடாத கை. ஒரு மணல் துகளும் படாமல் ஐம்பத்துச் சொச்சம் வருஷம் இருந்த விரல். பதினொரு தடவை ஒரே விரலை ஒற்றியெடுத்தவன் நான். இடது கையால் தேய்த்திருக்கலாமே என்று கேட்டவனும் நான்தான். எல்லாவற்றையும் எண்ணுகிறவனுக்கு ஒரு மனுஷிக்கு எத்தனை பெருவிரல் என்று எண்ணத் தெரியவில்லை. அவர் சிரித்து முடித்துவிட்டு, “உடுங்கய்யா, ஒங்க மேல குத்தமில்ல” என்று சொல்லி, பழக்கதோஷத்தில் என் நடுவிரலின் மையைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

தலவாக்கலை ஸ்டேஷனுக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. நான்தான் அவ்வளவு முன்னதாகக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தவறிவிடுமோ என்று பயம். பெட்டி ஒன்று, மூட்டை இரண்டு. ஸ்டேஷன் பலகை வாங்கில் உட்கார்ந்தோம். தங்கை தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இரண்டு கையையும் அக்காளின் மடியில் போட்டாள்.

“இந்தா. எடுத்துக்க. தொலை.”

அவர் மூட்டையை அவிழ்த்து, துரைசாணியின் வெள்ளைப் போத்தலை எடுத்தார். தங்கையின் தண்ணீர்ப் போத்தலில் தண்ணீர் இருந்தது. இடது கையின் சுண்டுவிரலில் தொடங்கினார். அவசரமில்லாமல், வட்டம் வட்டமாக, நகக்கண், கணு, உட்கோடு. வழியில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். ஏழு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியாது. ஆனாலும் முப்பது வருஷக் கறையில் ஒரு பங்கு போகத்தான் செய்தது. அடியிலிருந்து அவர்கள் இருவருக்கும் பொதுவான மாநிறம் வந்தது. தங்கை குனிந்து பார்க்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை.

சிக்னல் விழுந்தது. வலது கையின் நான்கு விரல் முடிந்திருந்தது. அவர் போத்தலை மூடினார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள் தங்கை, பெருவிரலை நீட்டி.

அவர் அந்த விரலை மடக்கி, தங்கையின் உள்ளங்கைக்குள் வைத்து மூடினார்.

“அது இருக்கட்டும்டி. அது ஒனக்கு வேணும்.”

ரயிலேறும்போது போத்தலை என் கையில் திணித்தார். அதிலிருந்தது எனக்கு இருபத்தாறு நாள் வந்தது. கடிதம் எழுதுவித்து அனுப்பச் சொல்லி விலாசம் கொடுத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

தங்கை மறுநாளே கொழுந்துக்குப் போனாள். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஆட்களின் பேர் பதிய நான் நிற்பேன். கூடையை இறக்கும்போது அவள் கை என் கண்ணில் படும். ஒன்பது விரல் மாநிறம், ஒரு பெருவிரல் கறுப்பு. நான்காம் நாள் ஆள்காட்டி விரல்கள் இரண்டும் மங்கின. ஏழாம் நாள் ஐந்துதான் பாக்கி. பதின்மூன்றாம் நாள் அவள் கூடையை இறக்கிவைத்தபோது, பத்தில் அக்காள் தொடாமல் விட்ட விரல் எது என்று எனக்குத் தெரியவில்லை.